வாசித்துக் காட்டிவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்

சேலம் மாவட்டத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இந்த மடலை நான் எழுதவில்லை, வாயால் சொன்னேன். செல்போனில் மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேசினால் அது எழுத்தாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. அதில் விழுந்த தப்புகளை என் மகள் திருத்தினாள். நடுநடுவே, "அப்பா, இதை யார் கேட்டாங்க?" என்று சில பத்திகளை வெட்டியும் விட்டாள். அவள் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், வெட்ட உரிமை உண்டு. எனக்கு வயது 47. பொன்னம்மாபேட்டையில் தறி வேலை. ஒரு கல்யாணப் பத்திரிகையை வாசிக்க இன்றைக்கும் எனக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். பெண் வீட்டார் பெயர், மாப்பிள்ளை வீட்டார் பெயர் எல்லாம் தாண்டி மண்டபத்தின் பெயருக்கு வருவதற்குள் தேதி மறந்துவிடும்.

ஆனால் தறியில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. ஜக்கார்டு தறி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலையில் விழும் பூவும் கொடியும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படும். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு தடவை ஓட ஒரு அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் நெடுக்காக ஓடும் பாவு இழை மேலே தூக்கும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். இப்படி 400 அட்டையை வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டிருக்கும்போது, அதில் ஒன்று இடம் மாறியிருந்தால் நான் நடந்து போகிற போக்கிலேயே சொல்லிவிடுவேன். எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த பிறகு இந்த வித்தைக்கு மவுசு குறைந்துவிட்டது, அது வேறு கதை.

கல்யாணப் பத்திரிகையில் தடுமாறுவதும் அட்டையில் தப்பு பிடிப்பதும் ஒரே மண்டைதான். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒன்றிரண்டு மண்டைகள் உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பற்றித்தான் பேச வந்தேன். புத்தி சரியாக இருந்தும் வாசிப்பதும் எழுதுவதும் மட்டும் திணறுகிற இந்தச் சிக்கலுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர்.

1991-இல் நான் எட்டாம் வகுப்பு. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தமிழ் ஐயா எழுப்பி வாசிக்கச் சொல்வார். எழுத்துகள் தாளில் குதித்து ஆடுவது போலச் சினிமாவில் காட்டுகிறார்கள். எனக்கு எதுவும் ஆடவில்லை. எழுத்து அசையாமல்தான் நிற்கும், அதன் சத்தம்தான் வாய்க்கு வந்து சேராது. பக்கத்துப் பையன் பத்தியை முடித்திருப்பான், நான் 'தொழிலாளர்' என்ற ஒரு சொல்லில் கொம்பு எது, கால் எது என்று பிரித்துக்கொண்டிருப்பேன். அப்புறம் முதல் எழுத்தைப் பார்த்து ஏதோ ஒன்றை அடித்துவிடுவேன். 'தொட்டில்' என்பேன். வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும் என்று அடுத்த தடவை வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்வேன். தெரியாதவன் என்பதைவிடக் குறும்புக்காரன் என்ற பெயர் எவ்வளவோ மேல்.

ஒருநாள் ஐயா என் அப்பாவை வரச் சொன்னார். "பையனுக்குக் கை நல்லா ஓடுதுங்க, படிப்புதான் ஓடல. தறியில போட்டுடுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் வரைந்த படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு எது வரும் என்று அவர் பார்த்தது சரி. பார்த்துவிட்டு என்னை வெளியே அனுப்பினார் பாருங்கள், அதுதான் 30 வருடத்துக்கு மேலாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் நான் தறிக்குழியில் இருந்தேன்.

அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. சென்னையிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் உருவானது 1990களின் தொடக்கத்தில்தான். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, வாசிப்பில் வரும் இந்தச் சிக்கல் அதில் கிடையாது. 2016-இல் வந்த சட்டம்தான் அந்த ஏழு வகையை 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் அதற்குள் டிஸ்லெக்சியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்தது.

இவ்வளவுக்கும் உலகத்துக்கு இது தெரிந்து வெகு காலமாகிவிட்டது. 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பையன் பெயர் பெர்சி. தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினானாம். ஆனால் கணக்கு நன்றாக வரும். அவனுக்குச் சில வருடம் பாடம் நடத்திய ஆசிரியர், பாடம் மொத்தமும் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று சொன்னதாக டாக்டர் குறித்து வைத்திருக்கிறார். என் மகள் இந்தக் கதையைச் சொன்னபோது டாக்டரைவிட அந்த ஆசிரியரைத்தான் எனக்குப் பிடித்தது. பையனின் வாய்க்கும் தாளுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை டாக்டருக்கு முன்னால் பார்த்தவர் அவர்.

நான் உங்களிடம் கேட்பது அதை மட்டும்தான். அந்த இடைவெளியைப் பாருங்கள். பார்த்ததைக் குறித்து வையுங்கள்.

என் மகன் கதையைச் சொன்னால் விளங்கும். அவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அவனுக்கு வாசிக்க வராது என்று எங்களுக்கே தெரியாது. மற்றப் பிள்ளைகள் சத்தம் போட்டு வாசிப்பதைக் கேட்டே பாடம் மொத்தமும் மனப்பாடம். புத்தகத்தைப் பிரித்து வைத்து, விரலை ஓட்டி, ஏற்ற இறக்கத்தோடு சொல்வான். ஒருநாள் விசிறிக் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவன் பாட்டுக்குப் பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டிருந்தான். என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தான் வாசித்தேன்.

நோட்டைப் பார்த்தாலும் ஏமாந்துதான் போவீர்கள். பார்த்து எழுதுவது முத்து முத்தாக இருக்கும், ஏனென்றால் அவன் எழுதவில்லை, வரைகிறான். சொல்வதை எழுதச் சொன்னால் அதே கை 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றும் 'பட்ம' என்றும் எழுதும். மேல் வரியில் சரியாக வாசித்த சொல்லை மூன்றாவது வரியில் புதிதாகப் பார்ப்பது போலப் பார்ப்பான். கரும்பலகையில் இருப்பதை எழுத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை தலையைத் தூக்குவான். வாய்ப்பாடு ஏழுக்கு மேல் ஏறாது. வியாழனுக்கு முந்தின நாள் எது என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணிக்கொண்டு வருவான். சொல் எழுதும் தேர்வு இருக்கிற காலையில் மட்டும் வயிறு வலிக்கும். நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கும்.

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். எல்லாரையும் ஒரே தடத்தில் ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் என் மகன் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அரும்பு. "வீட்டில கவனிங்க, போனைக் குடுக்காதீங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அரும்பிலேயே நிற்கிற பிள்ளை ஏன் நிற்கிறது என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

இரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில்தான் என் மகள் ஒரு காரியம் செய்தாள். எறும்பைப் பற்றி ஆறு வரிப் பத்தி ஒன்றைத் தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். நான்கு நிமிடம் ஆனது. வியர்த்துவிட்டது. ஐந்து கேள்வி கேட்டாள், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. எழுத்தைக் கூட்டுவதிலேயே தெம்பு முழுக்கச் செலவாகிவிட்டால் அர்த்தத்துக்கு எங்கே மிச்சம் இருக்கும்? பிறகு அவளே அதை ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு அதே கேள்விகளைக் கேட்டாள். ஐந்துக்கும் பதில் சொன்னான். சொல்லிவிட்டு, "மழை வர்றது எறும்புக்கு எப்படிக்கா தெரியும்?" என்று ஆறாவது கேள்வியை அவன் கேட்டான். அவளுக்குப் பதில் தெரியவில்லை.

ஐந்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஐந்து. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் புத்தி குறைவு என்று அதற்குப் பிறகு யாராவது சொல்ல முடியுமா? இரண்டுமே ஒன்றாக இருந்திருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். பேச்சு மொழியிலேயே ஏதோ தடங்கல் இருக்கலாம், டிஸ்லெக்சியாவோடு அதுவும் சேர்ந்து வருவது உண்டு. சரியாகச் செய்வதானால் இரண்டாவது தடவைக்கு அதே தரத்தில் வேறொரு பத்தி எடுக்க வேண்டும் என்று இந்த இடத்தில் மகள் திருத்தம் சொல்கிறாள். சரி, அப்படியே செய்யுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை. இதை வைத்து டிஸ்லெக்சியா என்று முடிவு கட்டவும் முடியாது, அதற்குப் படித்தவர்கள் செய்யும் முறையான சோதனை இருக்கிறது. யாரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று கைகாட்ட இது போதும்.

தமிழுக்கென்று சில முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றை ஆங்கிலத்திலிருந்து வந்த கையேடுகளில் தேடினால் கிடைக்காது. 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். காதுக்கு முதலில் வருவது 'க்', பிறகு 'ஒ'. கண்ணின் வரிசை ஒன்று, காதின் வரிசை வேறு. நமக்கு ஏழு வயதிலேயே பழகிப்போனதால் உறைப்பதில்லை. இந்தப் பிள்ளைகள் அதில்தான் மாட்டுகிறார்கள். 'கெடி' என்பார்கள், 'காடி' என்பார்கள். குறில் நெடில் இன்னொன்று: பல்லும் பாலும், கொடுவும் கோடும் ஒன்றாகிவிடும். புள்ளி விட்டுப்போகும். ஒரே 'க' வேறு, கல்லில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. சொல் முழுசும் பிடிபட்டால்தான் அந்தக் க எந்தக் க என்று தெரியும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிற பிள்ளைக்குச் சொல் முழுசு கிடைப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

ர, ற மாற்றிப் போடுவதையும் ல, ள, ழ குழப்புவதையும் மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம். அப்படிப் பார்த்தால் செவ்வாய்ப்பேட்டைக் கடைப் பலகைகளில் பாதியை டாக்டரிடம் அனுப்ப வேண்டியிருக்கும். ஆறு வயதுப் பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போடுவதும் அப்படித்தான். அந்த வயதில் பல பிள்ளைகள் செய்கிற காரியம் அது.

இன்னொன்று முக்கியம். தமிழில் ஒருவழியாகக் கூட்டி வாசித்துவிட முடியும், ஏனென்றால் எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு ஒழுங்கு இருக்கிறது. அதனால் இங்கே சிக்கல் தப்பாகத் தெரிவதைவிட மெதுவாகத்தான் தெரியும். 'எல்லாம் சரியாத்தானே வாசிக்கிறான், கொஞ்சம் லேட், அவ்வளவுதான்' என்று விட்டுவிடுவோம். அந்த லேட்தான் அறிகுறி. அதே பிள்ளை இங்கிலீஷுக்குப் போனதும் தொப்பென்று விழும். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்றாக இருக்கும் மொழி அது. பிள்ளை தமிழில் திணறுகிறான் என்று இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றுகிற பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பு சுடுகிறது என்று நெருப்பில் இறங்குகிற கதைதான்.

மகள் பயிற்சிக்காக ஏற்காட்டுக்கும் அப்பால் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் கொஞ்ச காலம் இருந்தாள். மலையாளி மக்களின் ஊர். கேரளத்து மலையாளிகள் இல்லை, சேர்வராயன் மலையையே சொந்தமாகக் கொண்டவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுத் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. காபிப் பழம் பறிக்கிற காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் குறையும். நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி. சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளில் எது யாருடையது, எது போன வருடம் காய்க்கவில்லை என்று ஒரு தோட்டம் முழுக்கச் சொல்வாளாம். ஒரு தடவை நடந்த ஒற்றையடிப் பாதையை மறக்க மாட்டாள். வாசிப்பு மட்டும் வரவில்லை.

"மலைப் பிள்ளைங்க அப்படித்தான், ஸ்கூலுக்கு ஒழுங்கா வந்தாத்தானே" என்று சொல்லிவிடலாம். அவளுடைய தம்பி அதே வீடு, அதே பேச்சு, விடுப்பு எடுத்ததும் அதே நாட்களில். அவன் வாசிக்கிறான். மகள் என்ன செய்தாளென்றால், வாசிக்கத் திணறிய ஐந்து பிள்ளைகளைத் தினமும் 20 நிமிடம் தனியாக உட்காரவைத்து ஒலி ஒலியாகச் சொல்லிக்கொடுத்தாள். எட்டு வாரத்தில் மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நேரம்தான். ஒரு பையனுக்குக் காதில் சீழ், பாதிச் சத்தம் கேட்கவே இல்லை. அவனை மருத்துவக் குழுவிடம் காட்டினார்கள். இந்தச் சிறுமி மட்டும் அங்கேயே நின்றாள். விடுப்பு, வீட்டுப் பேச்சு, காது, கண் எல்லாவற்றையும் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிற பிள்ளைதான் நாம் தேடுகிற பிள்ளை. பள்ளிக்கு வருகிற சிறார் நல மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நிலைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளில் உங்கள் கையில் இந்தப் பெயர் தயாராக இருந்தால் போதும். பல்லும் கண்ணும் பார்த்துவிட்டுப் போகிற அவசரத்தில் அவர்களாகக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இப்போது திறமையைப் பற்றி. இதில்தான் எனக்குச் சண்டை.

டிஸ்லெக்சியா என்றாலே மேதை என்று வாட்ஸாப்பில் படங்கள் சுற்றுகின்றன. ஐன்ஸ்டைனுக்கு இருந்ததாம். அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை என்று மகள் சொல்கிறாள். டிஸ்லெக்சியா இருக்கிற எல்லாருக்கும் படம் வரையவும் வராது, இயந்திரம் பிரிக்கவும் வராது. ஒருத்தி கதை சொல்வாள், ஒருவன் கடையில் மீதிச் சில்லறையை மனக்கணக்கில் சொல்வான், ஒருவன் சண்டை போட்ட இரண்டு பேரைச் சேர்த்துவைப்பான், ஒருவனுக்கு எதுவுமே எடுப்பாக இருக்காது, சாதாரணப் பிள்ளையாக இருப்பான். அவனுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். மேதையாக இருந்தால்தான் இரக்கம் என்று வைத்தால் அவன் எங்கே போவான்?

இந்த ஊரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சேலத்தில் ஒரு பையனுக்குக் கைவேலை வரும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்கு வேலை தயாராக இருக்கிறது. சிவதாபுரத்துப் பக்கம் கொலுசுப் பட்டறை, இளம்பிள்ளைப் பக்கம் தறி. நான் அப்படிப் போனவன். தொழிலைக் குறை சொல்லவில்லை, அதில்தான் சோறு தின்கிறேன். ஆனால் வங்கியில் படிவம் நிரப்ப, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தாளைப் படிக்க, ஜிஎஸ்டி என்று ஒன்று வந்தபோது அதைப் புரிந்துகொள்ள, ஒவ்வொரு தடவையும் நான் இன்னொருவர் முகத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஒரு தடவை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். கை ஓடுகிறது என்பதற்காக ஒரு பிள்ளையைப் படிப்பிலிருந்து கழற்றிவிடாதீர்கள். அவன் கைவேலையைக் குறித்து வைக்கச் சொல்வது அவனை வகுப்பில் நிறுத்திவைக்க. இவனுக்குப் புரிகிற மூளை இருக்கிறது, தாள்தான் தடை என்பதற்கு அது சாட்சி. அந்தத் திறமை வழியாகவே பாடத்துக்குள் கொண்டுவரவும் முடியும். மிளகுக் கொடிச் சிறுமி தன் தோட்டத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் ஒட்டினாள். அவள் தானாக எழுதிய முதல் சொற்கள் அவைதான்.

சொல்லிக்கொடுக்கிற முறை பெரிய வித்தை எதுவும் இல்லை என்கிறாள் மகள். ஒலியிலிருந்து எழுத்துக்குப் போவது. ஒழுங்காக, படிப்படியாக, ஒன்று பிடிபட்ட பிறகே அடுத்தது. கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்வது. சத்தமாகச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் தாத்தாக்கள் செய்ததுதான், நடுவில் நாம் விட்டுவிட்டோம். கண்ணுக்குக் கலர் கண்ணாடி, மூளைக்கு டானிக் என்று விற்கிறவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். டிஸ்லெக்சியா கண் நோய் இல்லை. முழுசாகப் போய்விடுகிற ஒன்றும் இல்லை. நல்லபடியாகக் கற்றுக்கொடுத்தால் வாசிப்பு வரும், வேகம் கொஞ்சம் பின்தங்கியே இருக்கும்.

வகுப்பில் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. திடீரென்று எழுப்பி எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்க வைக்கத்தான் வேண்டுமென்றால் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். அறிவியல் விடையில் விஷயம் சரியாக இருந்தால் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். கரும்பலகையில் இருப்பதை முழுசும் எழுதினால்தான் விளையாட விடுவேன் என்பதை விட்டுவிடுங்கள். என் பள்ளி வாழ்க்கையில் நான் விளையாட்டு மைதானத்தைப் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

இதெல்லாம் கருணை காட்டச் சொல்வதும் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பிள்ளைகளிடம் கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி கற்பிக்க வேண்டும் என்று பள்ளிகளுக்கே கடமை வைக்கிறது. 17-ஆவது பிரிவில் தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும், அது பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும். எட்டு வயது வரை சும்மா இருங்கள் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். சான்றிதழ் தேர்வுச் சலுகைக்குத்தான். மணலில் எழுதவைக்க யாருடைய முத்திரையும் தேவையில்லை.

பெற்றோர் சான்றிதழுக்குப் பயப்படுவார்கள், நானும் பயந்தேன். 'மாற்றுத்திறனாளின்னு எழுதிட்டா நாளைக்குப் பொண்ணு யாரு கொடுப்பா?' என்று என் அம்மா கேட்டார். அந்த இடத்தில் நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தைக்குப் பலம் அதிகம். என் மகன் விஷயத்தில் அது நடந்தது. மூன்றாம் வகுப்பில் வந்த டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, முதல் வார்த்தையாக, "உங்க பையன் கேட்கிற கேள்விக்கு நான் வீட்டுல போய்ப் படிச்சிட்டு வர்றேன்" என்றார். அதற்குப் பிறகுதான் வாசிப்பைப் பற்றிப் பேசினார். என் மனைவி அன்றைக்கே சோதனைக்கு அழைத்துப் போகச் சம்மதித்தாள். அந்த டீச்சர் வரிசையை மாற்றிப் பேசியிருந்தால் நாங்கள் பாதியில் எழுந்து வந்திருப்போம்.

சோதனை, மறு சோதனை, கையெழுத்து என்று நாலைந்து தடவை அலைந்தோம். பொன்னம்மாபேட்டையிலிருந்து எனக்கு அது நகரப் பேருந்துத் தூரம். அந்த மலைச் சிறுமியின் அப்பாவுக்கு ஒரு தடவை வந்துபோக ஒரு நாள் கூலி போகும். ஊரிலிருந்து ஏற்காட்டுக்கு, ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு, அப்புறம் திரும்பி ஏற வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முடிகிற மாதிரி ஒரு முகாமை வருடத்துக்கு ஒரு தடவையாவது மலை மேலேயே வைக்க முடியுமா என்று கல்வித் துறையையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையையும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு குழு கேட்டால் கோப்பில் போய்ச் சேரும், மலையில் இருக்கிற எல்லாப் பள்ளிக் குழுவும் ஒரே மாதத்தில் கேட்டால் யாராவது படித்துப் பார்ப்பார்கள்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் எந்த நாளில் வருகிறார் என்பதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். பல பெற்றோருக்கு அப்படி ஒருவர் வருவதே தெரியாது. எழுதினால் எங்களில் சிலருக்கு வாசிக்க வராது என்பதால் பிள்ளைகளிடம் வாயாலும் சொல்லி அனுப்புங்கள்.

மகன் இப்போது மெதுவாக வாசிக்கிறான். போன வாரம் என் தறிக்கு வந்த நூல் கட்டின் சீட்டைக் கையில் வாங்கி, கூட்டிக் கூட்டி, நிறமும் எடையும் சொன்னான். எடையில் 200 கிராம் குறைவு என்று கண்டுபிடித்ததும் அவன்தான்.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். அடுத்த கூட்டத்தில், வாசிப்பு மதிப்பீட்டில் பின்தங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசித்துக் காட்டி இரண்டாவது மதிப்பெண் ஒன்றையும் குறிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். தீர்மான நோட்டை மட்டும் என் பக்கம் தள்ளாதீர்கள். நான் சொல்கிறேன், யாராவது எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு தடவை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
பொன்னம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரன்